தண்டல் கட்டிய தூளி

கொல்லிமலையில் பலாத்தோப்பு முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் செண்பகம் டீச்சரின் முகாம் இருக்கிறது. காட்டுக்குள் நடக்க வருகிறவர்களுக்கு அங்கே கூடாரமும் கிடையாது, கட்டிலும் கிடையாது. இரண்டு மரத்துக்கு நடுவில் துணியைத் தொங்கவிட்டு அதில்தான் படுக்கை. டவுன் கடையில் கேட்டால் ஹேமக் என்பார்கள். முகாமில் எல்லாருக்கும் அது தூளிதான். பிறந்த வீட்டில் படுத்த சாமானுக்கு வளர்ந்த பிறகு வேறு பேர் எதற்கு என்பார் டீச்சர்.

டீச்சர் ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வேலையை விட்டு மலைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. தனக்குத் தூளியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். விழுந்தால் அவர் இடுப்பு, அவர் பாடு. அடுத்தவருக்குக் கட்ட வேண்டுமென்றால்தான் பரீட்சை. மதியச் சாப்பாடு முடிந்ததும், நீங்கள் கட்டிய தூளியில் டீச்சர் வந்து படுப்பார். அவர் தூங்கிவிட்டால் அன்றிலிருந்து நீங்கள் கட்டுக்காரர். தூங்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் பரீட்சை.

மலைக்காற்று, வயிறு நிறையச் சோறு, மரநிழல், இதில் தூங்குவது என்ன பெரிய காரியம் என்று தோன்றும். வெளியாட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பலர் அங்கே வந்து கட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் மலையிறங்கிப் போயிருக்கிறார்கள். கட்டு சரியில்லையென்றால் டீச்சர் பொழுது சாயும்வரை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடப்பார்.

இந்த முகாமுக்குத்தான் அருளப்பன் மச்சாடு வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடிக்காரர். தோணியில் தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். சரக்கும் ஆட்களும் பாயும் காற்றும் எல்லாம் அவன் பொறுப்பு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போய்வந்த மனுஷன். டீச்சரைவிட இருபது வயதாவது மூத்தவர். இருந்தாலும் சிஷ்யராகத்தான் வந்தார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சர் என்பார். முறை அப்படி அமைந்துவிட்டது.

முழங்கால் போனதும் மகன் அவரைத் தோணியிலிருந்து இறக்கி, வீட்டில் ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தான். மருமகள் தங்கமானவள். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்தாலே அருளப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கும். கயிறு பிடித்த கையை வைத்துக்கொண்டு ரிமோட்டா பிடிப்பது?

ஒருமுறை மச்சினர் மகன் அவரை இந்த மலைக்கு அழைத்து வந்தான். மரத்துக்கு மரம் தொங்கிய தூளிகளை அருளப்பன் பார்த்தார். பட்டையும் கயிறும் முடிச்சும் துணியும்.

"ஏ, இதெல்லாம் நம்ம சாமான்லா!" என்றார்.

வீட்டுக்குப் போய் மகனிடம் ஒரே பேச்சாகச் சொன்னார். "அங்க எனக்கு வேல இருக்குன்னு அவங்க சொன்னா இருக்கேன். இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா வந்து நீ சொல்லுத எடத்துல உக்காருதேன். பொறவு வாயே தொறக்க மாட்டேன்."

மகன் சரி என்றான். சீசன் தொடங்கும்வரைதான் கெடு. அந்த வருஷம் முதல் கூட்டமாக வரவிருந்தது சேலத்துப் பக்கத்து நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பெண்கள். வருஷம் முழுக்கத் தூக்கம் கெட்டவர்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நல்லாத் தூங்க வேணும், யாரும் எழுப்பக் கூடாது. அவர்களுக்குக் கட்டுவது யார் என்று அதற்குள் முடிவாகிவிடும்.

முதல் பரீட்சைக்கு அருளப்பன் துள்ளிக்கொண்டு போனார்.

மரத்தோல் கடிபடாமல் அடிமரத்தைச் சுற்றி அகலமான நாடாப் பட்டை. பட்டையிலிருந்து கயிறு. தூளியின் இரண்டு நுனியிலும் ஒரு கண்ணி. கயிறும் கண்ணியும் சேருகிற இடத்தில் முடிச்சு. இதுதான் அமைப்பு. அருளப்பன் கயிற்றைத் தோளில் போட்டு, காலை மரத்தில் உதைத்து, ஏலேலோ பாடாத குறையாக இழுத்துக் கட்டினார். தூளி நேர்க்கோடாக நின்றது. விரலால் சுண்டினார். விண்ணென்று கேட்டது.

சமையல்காரர் செங்கோடன் அடுப்பை விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா! என்ன நேருங்க அண்ணாச்சி! துணி காயப் போடலாமுங்க."

டீச்சர் ஏறிப் படுத்தார். தூளி அவரை உள்ளே வாங்கவே இல்லை. மேலேயே நிறுத்திக்கொண்டது. கொஞ்சம் புரண்டால் குப்புறக் கவிழ்த்துவிடும். இரண்டு ஓரத்தையும் கையால் பிடித்தபடி டீச்சர் கிடந்தார். அருளப்பன் பக்கத்திலேயே நின்றார், முடிச்சின் மேல் கை வைத்தபடி.

வெகுநேரம் கழித்து டீச்சர் இறங்கினார்.

"தூங்கலையா டீச்சர்?"

"இல்லை அண்ணாச்சி."

"முடிச்சு அவுராது. சத்தியமாச் சொல்லுதேன்."

"அவிழாது. எனக்கும் தெரியும்."

"பின்ன?"

டீச்சர் ஒரு குடம் நிறையத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கயிற்றின் நடுவில் குடத்தைக் கட்டினார். ஒரு முனையை அருளப்பனிடமும் மறுமுனையைச் செங்கோடனிடமும் கொடுத்தார்.

"கயிறு நேரா நிக்கணும். இழுங்க."

இழுத்தார்கள். குடம் எழும்பியது, கயிறு நேராகவில்லை. இன்னும் இழுத்தார்கள். செங்கோடனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. அருளப்பனுக்குப் பல் கடிபட்டது. கயிறு இன்னும் கொஞ்சம் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு குடம் தண்ணீர் இரண்டு ஆம்பளைகளையும் ஆட்டிவைத்தது.

"போதும். பக்கத்துல வாங்க. கயிறு தொங்கட்டும்."

இருவரும் கிட்டே வந்தார்கள். கயிறு நன்றாகத் தொய்ந்தது. இப்போது ஆளுக்கு ஒரு கை போதுமாக இருந்தது. செங்கோடன் இன்னொரு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அருளப்பனுக்கு உடனே உறைத்தது. கடலில் கயிறு தொய்ந்து கிடந்தால் அந்தத் தோணிக்கே மானக்கேடு. கரையில் நிற்கிறவன் கைகொட்டிச் சிரிப்பான். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டார்.

"சே! பாயைக் கட்டுத மாதிரி ஆளைக் கட்டிப்புட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை தொய்வு கச்சிதமாக வந்துவிட்டது. தலைமாடும் கால்மாடும் உயர்ந்து, நடுவில் பதமாக இறங்கி, பார்க்கிறவர்களுக்கே போய்ப் படுக்கலாம் போலிருந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கயிற்றில் ஒரு சணல் நூலையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மழை பெய்தால் கயிறு வழியாக ஓடிவருகிற தண்ணீர் அந்த நூலோடு கீழே சொட்டிவிடும், துணி நனையாது. "இது எங்க தோணி விளக்குக் கயித்துலயே உண்டு டீச்சர்" என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் முடிச்சு? அதைத்தான் கேட்கக் கூடாது. ஒரு முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொன்று. படுக்கப்போவது டீச்சர் ஆயிற்றே என்று அதற்கும் மேல் ஒன்று. கால்மாட்டிலும் அதே கதை. கடைசியில் இரண்டு பக்கமும் பலாப்பிஞ்சு அளவுக்கு ஒரு உருண்டை தொங்கியது.

டீச்சர் படுத்தார். கால்மாட்டு உருண்டை கண்ணுக்கு நேராக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பன் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நடந்தார். இந்த முடிச்சை அழுத்திப் பார்ப்பார், அந்த முடிச்சை அழுத்திப் பார்ப்பார், நிற்பார், மறுபடி நடப்பார்.

"என்ன பாக்கீங்க டீச்சர்?"

"இதைத்தான். இதுல எந்த முடிச்சு என்னைத் தாங்குது?"

"முதல்ல போட்டது."

"மத்ததெல்லாம்?"

அருளப்பன் மீசையைத் தடவினார். "அது… ஒரு துணைக்கு."

"யாருக்குத் துணை அண்ணாச்சி?"

டீச்சர் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உருண்டையை அவிழ்ப்பதற்குள் அருளப்பனுக்கு நகம் பிய்ந்தது. டீச்சரின் எடை ஏறி முடிச்செல்லாம் கல்லாக இறுகியிருந்தது.

"ஏனுங்க அண்ணாச்சி, கத்தி வேணுமுங்களா?" என்றார் செங்கோடன், காய் நறுக்கிக்கொண்டே.

"போதும் போதும்! கயித்த அறுக்கிறவன் தண்டலா வே?"

ஒருவழியாக அவிழ்த்து முடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். செங்கோடன் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை செங்கோடன். வாய்தான் சும்மா இருக்காது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லும்."

"உங்களுக்குக் கர்வம் ஜாஸ்திங்க. தோணியில அப்படி, கடல்ல இப்படின்னு எந்நேரமும் அதே பேச்சு. அதைக் கழட்டி வெச்சீங்கன்னா டீச்சர் படுத்த உடனே தூங்கிருவாங்க. குருகிட்டப் போனா தணிஞ்சு போவோணுமுங்க."

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. சண்டைக்குப் போகத்தான் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இரண்டு தடவை தோற்றவன் என்ன பேசுவது? ஒருவேளை அப்படித்தானோ என்று காப்பி ஆறும்வரை யோசித்தார். ஜன்னலோர நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

மறுநாளிலிருந்து அருளப்பன் ஆளே மாறிப்போனார். டீச்சர் வந்தால் எழுந்து கைகட்டி நின்றார். பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். தோணி என்ற பேச்சை எடுக்கவே இல்லை. "எனக்கு என்ன தெரியும் டீச்சர், நீங்க சொன்னாச் சரி" என்றார். அதைக் கேட்க நமக்கே பாவமாக இருக்கும். டீச்சர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

டீச்சர் கட்டும்போதெல்லாம் அருளப்பன் குனிந்து நின்று கவனித்தார். கயிறு எந்தப் பக்கம் வளைகிறது, விரல் எங்கே அழுத்துகிறது, நுனி எவ்வளவு விடுகிறது, எல்லாவற்றையும் மனதில் ஏற்றினார். அவர் கைக்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை. மூன்றாவது பரீட்சை அன்று டீச்சரின் முடிச்சை டீச்சரே போட்டதுபோல் போட்டார். செங்கோடன் வந்து பார்த்துவிட்டு, "அச்சு அசலுங்க! இன்னைக்குத் தூங்கலைன்னா என்னைக் கேளுங்க" என்றார்.

டீச்சர் படுத்தார். அருளப்பன் தலைமாட்டில் கயிற்றைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றார். பலா இலை ஒன்று டீச்சரின் வயிற்றில் விழுந்தது. டீச்சர் அதை எடுத்து, காம்பைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார். கண் மூடவே இல்லை.

கடைசியில் அருளப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. கைகட்டி நின்றதெல்லாம் காற்றில் போயிற்று.

"இது ஒங்க முடிச்சு டீச்சர்! ஒங்க முடிச்சுலயே ஒங்களுக்குத் தூக்கம் வரலன்னா நான் என்னத்தக் கட்ட?"

"நல்லாக் கட்டியிருக்கீங்க. குத்தமே இல்லை. ஆனா இது என்னோடது. உங்களோடது எங்கே?"

"என்னோடதா? அது வேண்டாம்."

"ஏன்?"

"அது பாய்க்கயித்துக்குப் போடுதது. ஆளுக்குப் போடுத முடிச்சு இல்ல. வெளிய நீட்டிக்கிட்டு இருக்க வாலைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா அவுந்துரும்."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"எங்கப்பா."

டீச்சர் எழுந்து தூளியிலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். கேட்கத் தயாராக உட்காருகிறவர் உட்காருகிற மாதிரி இருந்தது. அருளப்பன் எவ்வளவோ நாள் அடக்கி வைத்திருந்த பேச்சு, கேட்காமலே வந்தது.

"அப்பாவும் தண்டல்தான். நான் அப்போ தோணியில கடைசி ஆளு. மாலத்தீவுல இருந்து திரும்பி வாறோம். திடீர்னு சூறக்காத்து. பாயில காத்து அறைஞ்சு தோணி ஒரு பக்கமாச் சாயுது. பாய்க்கயித்த விட்டாத்தான் பொழைப்போம். அந்த எடத்துல யாருக்கு முடிச்சு அவுக்க நேரம் இருக்கு? அப்பா ஒரே தாவு. வாலைப் புடிச்சு ஒரே இழுப்பு. பாய் படபடன்னு பறந்துச்சு, தோணி நிமிந்துட்டு. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல டீச்சர்."

"தானா எப்பவாவது அவிழ்ந்திருக்கா?"

"அப்பா முடிச்சா?" அருளப்பனின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "எத்தன பாரம் இழுத்தாலும் அவுராது. இழுக்க இழுக்கப் புடிக்கும். நாம வாலைத் தொட்டாத்தான் விடும். அப்பா கையில ஒருநாளும் தானா அவுந்தது கெடையாது. என் கையிலயும் கெடையாது."

"பின்னே ஏன் அதுமேல நம்பிக்கை இல்லை?"

"யாரு சொன்னா நம்பிக்க இல்லன்னு?"

அவர் போட்ட சத்தத்தில் அடுப்படியில் செங்கோடன் கரண்டியைக் கீழே போட்டார்.

டீச்சர் அருளப்பனின் கையைப் பார்த்தார். அருளப்பனும் பார்த்தார். கை இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து உட்கார்ந்த பிறகும், கதை சொன்ன நேரம் முழுக்கவும், அது கயிற்றை விடவே இல்லை. மெதுவாகக் கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் ஒளிவு மறைவு இல்லாமக் கேக்கேன். எனக்குக் கர்வம்னு சொல்லுதாங்க. இருக்குதான். கர்வம் தப்பா?"

டீச்சர் தூளியிலிருந்து இறங்கினார்.

"நாளைக்கு ரெண்டு தூளி கட்டுங்க அண்ணாச்சி. பக்கத்துல பக்கத்துல. உங்கப்பா முடிச்சு."

"கேட்டதுக்குப் பதில்?"

"மத்தியானம் சாப்பிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

அன்று ராத்திரி அருளப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. மில் பெண்கள் வருவதற்கு முன்னால் மிச்சமிருந்தது டீச்சர் சொன்ன அந்த ஒரு நாள்தான். அதற்கு மேல் கேட்க முகம் கிடையாது. தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். அதைவிட, அப்பாவின் முடிச்சும் தோற்றுப்போனால்? டீச்சர் அதிலும் முழித்துக்கொண்டு கிடந்தால்? தன் முடிச்சு தோற்பதை அவர் தாங்கிவிடுவார். இதைத் தாங்க முடியாது. அதனால்தான் இத்தனை நாளும் அதை வெளியில் எடுக்கவில்லையோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

மறுநாள் இரண்டு தூளி கட்டினார். கயிறு கண்ணிக்குள் நுழைந்தது. கண்ணியின் முதுகைச் சுற்றி வந்தது. நுனி மடிந்து தன் அடியிலேயே ஒரு புகுதல். வால் மட்டும் வெளியே. முடிந்தது. விரல்கள் அவரைக் கேட்கவில்லை, தம் பாட்டுக்குப் போட்டுவிட்டன.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் செங்கோடன், தோளில் துண்டோடு.

"அவ்வளவுதான்."

"மேல ஒண்ணும் இல்லீங்களா?"

அருளப்பனின் கை கயிற்றுப் பக்கம் போனது. பாதியில் நின்றது. "எங்கப்பா ஒண்ணும் போடல. நானும் போடல. போய்ச் சாம்பாரைப் பாரும்."

டீச்சர் வந்தார். இரண்டு தூளியையும் பார்த்தார். முடிச்சை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை.

"அழகா இருக்கு" என்றார். இத்தனை நாளில் டீச்சர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அருளப்பனுக்குக் காது சூடாகிவிட்டது.

"அது உங்களுக்கு. படுங்க" என்று டீச்சர் இரண்டாவது தூளியைக் காட்டினார்.

"நானா?"

"ஆமா."

"டீச்சர், தண்டல் படுக்க மாட்டான். எல்லாரும் படுத்து, முடிச்செல்லாம் ஒரு சுத்துப் பாத்துட்டுத்தான் தலைய சாய்ப்பான். அதுவும் கோழித்தூக்கம். நான் முழிச்சிருந்ததுனாலதான் என் தோணியில மத்தவன் தூங்குனான்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மிடுக்கு நியாயமான மிடுக்கு. அவரோடு கடலுக்குப் போன யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

"நல்ல தண்டல்" என்றார் டீச்சர். "அது கடல் அண்ணாச்சி. இது மலை. படுங்க."

குரு சொல்லைத் தட்ட முடியாது. அருளப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நேராகப் படுக்காமல் கொஞ்சம் கோணலாகப் படுத்தால் முதுகு வளையாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே படுத்தார். துணி அவரை வாங்கிக்கொண்டு லேசாக ஆடி நின்றது.

சும்மா படுத்ததுபோல் காட்டிவிட்டு, டீச்சர் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். தலையைத் திருப்பினார். தூளித் துணி மறைத்தது. எழுந்து பார்த்தால் ஆடும், டீச்சருக்குத் தெரிந்துவிடும். கால்மாட்டு முடிச்சு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த முடிச்சை அவர் ஆயிரம் தடவை போட்டிருக்கிறார். எப்போதும் நின்றுகொண்டுதான் பார்த்திருக்கிறார். அதற்குக் கீழே படுத்து, அது தன்னைத் தூக்கிப் பிடித்திருப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. சின்ன முடிச்சு. வால் காற்றில் ஆடியது. அவருடைய மொத்தக் கனமும் அதில்தான் இருந்தது. அது அலட்டிக்கொள்ளவே இல்லை.

தலைமாட்டு முடிச்சை ஒருதரம் அழுத்திப் பார்க்கலாம் என்று கை மேலே போனது. பாதி வழியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இருந்தால் என்ன சொல்வார்? 'ஏலே, நான் போட்டதையா சோதிக்க?' என்று மண்டையில் ஒன்று வைப்பார். கையை இறக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எங்கோ பழுத்த பலாவின் வாசம் வந்தது. 'நம்ம முடிச்சுலா' என்று நினைத்தார். அதற்கு அப்புறம் அவருக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் தூளி இல்லை. மரத்தைச் சுற்றியிருந்த நாடாப் பட்டையும் இல்லை. அவிழ்த்து எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

முடிந்தது கதை என்று நினைத்தார் அருளப்பன். பரீட்சை எழுத வந்தவன் தூங்கிவிட்டான். டீச்சர் பார்த்துவிட்டு, சீ என்று எழுந்து போய்விட்டார். ஆயுசில் ஒருநாள் தண்டல் தூங்கினான், அதுவும் இன்றைக்குத்தானா தூங்க வேண்டும்? இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் அடுப்படிக்கு ஓடினார்.

"வே செங்கோடன்! டீச்சர் தூங்குனாங்களா இல்லியா?"

செங்கோடன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவசரமே படவில்லை.

"அதை எப்படிங்க நான் சொல்றது?"

"ஏன், நீரு பாக்கலியா?"

"பாத்தனுங்க. பாத்து என்ன பண்ண? ரெண்டு பக்கமும் குறட்டை. ஒரே நேரத்துல கேட்டதால, உங்களது எது, டீச்சரது எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியலீங்க."

சாமான் அறையிலிருந்து டீச்சர் வந்தார். கன்னத்தில் துணியின் வரி பதிந்திருந்தது. கையில் ஒரு பெரிய மூட்டை. முகாமில் இருக்கிற பட்டையும் கயிறும் மொத்தமும் அதில்தான் இருக்கும். கட்டுக்காரர் தவிர வேறு யாரும் அதைத் தூக்கக் கூடாது. டீச்சர் அதை அருளப்பனின் தோளில் வைத்தார்.

"நாளைக்கு மில்லுப் பொண்ணுங்க வர்றாங்க. எல்லாத் தூளியும் நீங்கதான் கட்டுறீங்க. உங்க முடிச்சு."

மூட்டை நல்ல கனம். அருளப்பன் அதைச் சரிசெய்துகொண்டார். மகனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்றும் தெரிந்தது. 'எனக்கு இங்க வேல இருக்கு.' அவ்வளவுதான். கண் கலங்கியதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்?

மூட்டையோடு அருளப்பன் பின்தொடர, டீச்சர் அவர் தூங்கிய தூளியிடம் போனார். தலைமாட்டு வாலை ஒரு இழுப்பு, கால்மாட்டு வாலை ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சு பொலபொலவென்று அவிழ்ந்து துணி அவர் கைக்கு வந்தது. இத்தனை நேரம் ஒரு மனுஷனைத் தாங்கிய சுவடே கயிற்றில் இல்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே துணியை மடித்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நேத்துக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. கர்வம் தப்பா?"

டீச்சர் மடித்த துணியை மூட்டையின் மேல் வைத்தார்.

"கர்வமா? கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்ன வரைக்கும் அது ஏது? இன்னைக்கு மத்தியானம்தானே அண்ணாச்சி உங்களுக்கு அது வந்துச்சு. உங்க குறட்டை கேட்ட பிறகுதான் நான் கண்ணை மூடினேன்."